பிளேனர் மேலும் குற்றமில்லை, ஆசாரி மேலும் குற்றமில்லை



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மரப்பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள், கம்பெனிக்குக் கட்டிங் டேபிள் செய்யக் கொடுத்திருப்பவர்கள், புது வீட்டுக்கு மரவேலை ஆரம்பிக்கப் போகிற மாப்பிள்ளைமார்கள் மட்டும் கடைசி வரை படியுங்கள்.

இந்த வருஷத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே புகாரைச் சொல்லிவிட்டார்கள். "ஏனுங்க சார், பிளேனர் மிஷின் வாங்கிப் போட்டேன், பலகை மட்டமாவே வரமாட்டேங்குது." முதல் இரண்டு பேருக்கும் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆள் சொன்னதுதான் மனசை உறுத்துகிறது. அவர் பனியன் கம்பெனிகளுக்குக் கட்டிங் டேபிள், செக்கிங் டேபிள் செய்து கொடுக்கிறார். பிளேடு மூன்று தடவை மாற்றினாராம். மெக்கானிக்கை இரண்டு தடவை கூப்பிட்டாராம். அப்படியும் பலகை கோணலாகவே வந்ததால், பட்டறையில் இருக்கும் வயதான ஆசாரியின் கூலியில், வீணாய்ப் போன பலகைக்காகப் பிடித்தம் செய்திருக்கிறார். "அவருக்குக் கை போச்சுங்க சார், முன்ன மாதிரி இல்லீங்க" என்று எனக்கு விளக்கம் வேறு.

என் மாணவர் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடு கண்ணு. ஆசாரி மேலும் தப்பில்லை, மிஷின் மேலும் தப்பில்லை. அந்த மிஷினுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையை நீ அதனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

நீ வாங்கியிருப்பது திக்னஸ் பிளேனர். பெயரிலேயே இருக்கிறது, அது கனத்துக்கான மிஷின். பலகையை அதன் மேசை மேல் வைத்துத் தள்ளுகிறோம். மேலே பிளேடு பூட்டிய உருளை சுற்றுகிறது. அதற்கு முன்னால் ஒரு ரோலர், பின்னால் ஒரு ரோலர், இரண்டும் பலகையை அழுத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு போகின்றன. மேசையிலிருந்து இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிற மரத்தை எல்லாம் சீவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த ஒரே உத்தரவு. மேசை மேல் படுத்திருக்கும் அடிப்பக்கம் நேரா, கோணலா என்று அது பார்ப்பதே இல்லை. பார்க்கவும் முடியாது.

அடிப்பக்கம் ஓடு மாதிரி வளைந்திருக்கிறது என்று வையுங்கள். ரோலர் அமுக்குகிற அமுக்கில் அந்தப் பலகை தற்காலிகமாக மட்டமாகிறது. பிளேடு மேல்பக்கத்தைச் சீவுகிறது. பின் ரோலரை விட்டு வெளியே வந்ததும் அமுக்கம் போய்விடுகிறது, பலகை தன் பழைய வளைவுக்குத் திரும்பிவிடுகிறது. மேலே பளபளவென்று இழைத்திருக்கும், எங்கே அளந்தாலும் கனம் ஒன்றாக இருக்கும், ஆனால் வளைவு அப்படியே இருக்கும். பத்துத் தடவை ஓட்டினால் பத்துத் தடவையும் இதே கதைதான். கடைசியில் ஒன்றரை அங்குலப் பலகை முக்கால் அங்குலம் ஆகியிருக்கும், வளைவில் பெரிய மாற்றம் இருக்காது. மெலிந்துபோனதால் இன்னும் லேசாக வளைந்துகொடுக்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். மிஷினிலிருந்து வந்த பலகையின் நாலு மூலை, நடுப்பகுதி என ஐந்து இடத்தில் வெர்னியர் வைத்துக் கனத்தை அளவுங்கள். ஐந்தும் ஒன்றாக இருந்தால் மிஷின் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. அதே பலகையை ஒரு மட்டமான கிரானைட் மேல் வைத்து மூலையைத் தட்டுங்கள். தொட்டில் மாதிரி ஆடும். கனம் சரி, மட்டம் இல்லை. இரண்டும் வேறு வேறு குணங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் மூன்று செட் பிளேடு வாங்கியிருக்கிறோம்.

உண்மையில் நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுசே இல்லை. நிட்டிங் துணி விஷயத்தில் இதைத்தானே தினமும் பார்க்கிறோம்? சாயப்பட்டறையில் ஈரத்தோடு நீளவாக்கில் இழுபட்ட துணியைச் சூடு வைத்து அழுத்தி ரோல் போட்டால், பார்க்க ஜம்மென்று இருக்கும். வாங்கிய ஆள் ஒரு தடவை துவைத்ததும் சட்டை தொப்புளுக்கு மேல் ஏறிவிடும். அதனால்தான் காம்பேக்டிங் என்று தனியாக ஒரு வேலை வைத்து, இழுபட்ட கண்ணிகளைத் திரும்ப உள்ளே தள்ளுகிறோம். கட்டிங்குக்கு முன்னால் ரோலைப் பிரித்து ஒரு ராத்திரி சும்மா போட்டு வைக்கிறோம். அழுத்தி மட்டமாக்கியதும், தானாகவே மட்டமாக இருப்பதும் ஒன்றல்ல என்பது எந்தக் கட்டிங் மாஸ்டருக்கும் தெரியும். அதே மாஸ்டர் நிற்கிற டேபிளைச் செய்யும் பட்டறையில் மட்டும் இது எப்படி மறந்துபோகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, அப்படியானால் நேராக்குவது எது? சர்ஃபேஸ் பிளேனர். இதில் பிளேடு கீழே இருக்கும், பலகை அதன் மேலே போகும். முன் மேசை, பின் மேசை என இரண்டு மேசைகள். முன் மேசையைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்திருப்போம், அதுதான் சீவும் ஆழம். பின் மேசை பிளேடின் உச்சிக்குச் சரிமட்டமாக நிற்கும். சீவப்பட்ட பகுதி பின் மேசை மேல் ஏறி உட்கார, அதையே ஆதாரமாக வைத்து மீதிப் பலகை சீவப்படுகிறது. மேலே ரோலரும் கிடையாது, அமுக்கமும் கிடையாது. கையால் பதமாக நகர்த்துவதுதான். இதில் ஒரு முகத்தை நேராக்கி, அந்த முகத்தைக் கீழே வைத்துத் திக்னசரில் விட்டால், இரண்டாவது முகம் முதல் முகத்துக்குச் சமமாக வந்துவிடும். வரிசை இதுதான். முதலில் மட்டம், பிறகு கனம்.

என்னிடம் ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவில் படித்தவர்களே, உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதம் முழுக்க ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரம் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஒரே ஒரு முகம். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வெளிச்சம் கசியாத வரைக்கும் அடுத்த முகத்தைத் தொட விட்டேனா? கை வலிக்கிறது சார் என்று அழுதவர்கள் இப்போது கம்பெனி முதலாளிகள். அந்த முதல் முகத்தைத்தான் சொல்கிறேன். மற்ற ஐந்து முகங்களும் அதைப் பார்த்துத்தான் அளக்கப்படுகின்றன.

இங்கே ஒரு கேள்வி வரும். நேரான மேசை இருந்தால்தான் நேரான பலகை வரும் என்றால், முதல் நேரான மேசை எங்கிருந்து வந்தது? வகுப்பில் ஒரு பையன் கேட்டான், அந்தக் கேள்விக்காக அவனுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. ஜோசப் விட்வொர்த் என்ற இன்ஜினியர் 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே படித்தார். இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று சாயம் தடவி வைத்துப் பார்த்து, மேடு தெரிகிற இடங்களைச் சுரண்டிக்கொண்டே போனால் அவை பொருந்திவிடும். ஆனால் ஒன்று மேடாகவும் மற்றது அதே அளவு குழியாகவும் இருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். அதனால் மூன்றாவது தட்டு வேண்டும். மூன்றில் எந்த இரண்டை எடுத்து வைத்தாலும் பொருந்தினால் மூன்றுமே மட்டமாகத்தான் இருந்தாக வேண்டும். வேறு எந்த அளவுகோலும் இல்லாமல், வெறும் பொறுமையால் உண்டாக்கிய மட்டம் அது. உலகத்தில் உள்ள பிளேனர் மேசைகளின் மட்டத்துக்கெல்லாம் பாட்டன் என்று சொன்னால் பொருந்தும்.

விஷயத்துக்கு வருகிறேன். "சார், எங்கிட்ட சர்ஃபேஸ் பிளேனரும் இருக்குது, அப்பவும் வரமாட்டேங்குது" என்றுதான் இரண்டாவது ஆள் சொன்னார். அப்படியானால் பார்க்க வேண்டியது பின் மேசையை. மெயின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு (இதைத் தவறவிடாதீர்கள்), ஒரு நேரான மரக்குச்சியைப் பின் மேசை மேல் வைத்து, அதன் நுனி பிளேடுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்து, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடு குச்சியைத் தொட்டு லேசாக முன்னால் நகர்த்தும். அந்த நகர்வு சுமார் 3 மில்லிமீட்டர் இருந்தால் சரி. பிளேடின் இடது ஓரத்தில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை. எத்தனை பிளேடு இருக்கிறதோ அத்தனைக்கும் இதே சோதனை. எல்லா இடத்திலும் நகர்வு ஒன்றாக இருக்க வேண்டும். குச்சியைத் தொடவே இல்லை என்றால் பின் மேசை உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். பலகையின் தலை போய் மேசை விளிம்பில் முட்டும், அல்லது கொஞ்ச தூரம் சீவிவிட்டு அப்புறம் சீவாமலே போகும். குச்சியை ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டு போனால் பின் மேசை தாழ்வு. பலகை முன் மேசையை விட்டு இறங்கும் கடைசி நொடியில் வால் பகுதி தொப்பென்று விழுந்து, அங்கே மட்டும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். வாலில் பள்ளம் விழுந்த பலகையைப் பார்த்தாலே மிஷினைப் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

இன்னொரு கோளாறு, இது பழைய மிஷின்களில். இரண்டு மேசைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் போவது. நீளமான நேர்க்கட்டையை இரண்டு மேசைகளின் மேலும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வெளி ஓரங்கள் இரண்டும் தொங்கிப்போய், நடுவில் கூரை மாதிரி இருந்தால் அதில் இழைத்த பலகை குழிந்து வரும். வெளி ஓரங்கள் தூக்கலாக, நடுவில் பள்ளமாக இருந்தால் பலகை மேடாக வரும். மேசைக்கு நேர் எதிர் அச்சு. விட்வொர்த் பயந்ததும் இந்த மேடு-குழி ஜோடிக்குத்தான். இதற்குப் பிளேடு மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை, மேசையின் சாய்வைத்தான் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக்குக்குப் பணம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்றால் இது ஒன்றுதான்.

மிஷின் எல்லாம் சரி, ஆள் அழுத்துகிற விதம் தப்பு என்பதும் உண்டு. வளைந்த பலகையின் குழிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு ஓரங்களில் ஆடாமல் உட்காரும். தலைப்பகுதி பின் மேசையில் ஒரு முழம் ஏறியதும் கையின் பாரத்தை அங்கே மாற்ற வேண்டும். பலத்தையெல்லாம் காட்டி நடுவில் அமுக்கினால் கையே ரோலர் ஆகிவிடும், பழைய கதை மறுபடி ஆரம்பம். பென்சிலால் அந்த முகம் முழுக்கக் கிறுக்கிவிட்டு ஓட்டுங்கள். கிறுக்கல் எங்கே அழிகிறதோ அங்கே மேடு. முழுக்க அழிந்துவிட்டால் முகம் முடிந்தது, அதற்கு மேல் ஒரு தடவை ஓட்டினாலும் மரத்துக்குத்தான் நஷ்டம்.

முறுக்கு விழுந்த பலகைக்கு, ஒரே அகலமுள்ள இரண்டு நேரான குச்சிகளை ஆளுக்கொரு முனையில் குறுக்காக வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல் விளிம்போடு மற்றதைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு. ஒரு பைசா செலவில்லாத கருவி. நான் மேலே சொன்ன ஆசாரி பெட்டியில் இந்த ஜோடிக் குச்சி கட்டாயம் இருக்கும், முதலாளி அதை ஏதோ ரீப்பர் துண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னதுதான். 8 அடிப் பலகை வில் மாதிரி வளைந்து நடுவில் 16 மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது என்று வையுங்கள். அதை முழுதாக நேராக்க 16 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்க வேண்டும், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். அதையே முதலில் இரண்டு 4 அடித் துண்டாக அறுத்துவிட்டால் ஒவ்வொரு துண்டிலும் வளைவு 8 அல்ல, 4 மில்லிமீட்டர்தான். நீளம் பாதியானால் வளைவின் உயரம் கால்வாசியாகும், வட்ட வில்லின் குணம் அது. அதனால் எந்த அளவுக்குத் துண்டு வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக முதலில் அறுத்துக்கொண்டு, அப்புறம் நேராக்குங்கள். முழுப் பலகையையும் இழைத்துவிட்டு அப்புறம் துண்டு போடுகிற பழக்கத்தில் எத்தனை தேக்கு மரம் சீவலாகக் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ராத்திரி மட்டமாக இருந்த பலகை காலையில் கோணியிருக்கிறது என்றால் அது மிஷின் விஷயமே அல்ல, மரத்துக்குள் இருக்கும் ஈரம். மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வளையங்களின் போக்கில், அதாவது சுற்றுவாட்டில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுருங்கும். அதனால்தான் ஓரப்பலகைகள் காயக் காயப் பட்டைப் பக்கம் குழிந்து ஓடு மாதிரி ஆகின்றன. எந்தெந்த இடத்தில் மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று நாட்டை மண்டலங்களாகப் பிரித்து ஐ.எஸ். 287 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. மரக்கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

நம் பகுதியில் இது கூடுதல் பிரச்சினை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அடிக்கிற அடியில், வாசலில் சாய்த்து வைத்த பலகையின் காற்றுப்பக்கம் மட்டும் காய்ந்து வளைந்துவிடும். இந்தப் பக்கம் அயர்னிங் செக்ஷன் நீராவி. பட்டறைக்கும் கம்பெனிக்கும் நடுவிலேயே மரம் இரண்டு சீசனைப் பார்த்துவிடுகிறது. பலகைகளைச் சுவரில் சாய்க்காமல், நடுநடுவே ஒரே கனமுள்ள குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். இழைக்கும்போது ஒரே பக்கத்தில் அஞ்சாறு மில்லிமீட்டர் எடுக்காமல், இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள். முதல் நாள் முரட்டு இழைப்பு, இரண்டு மூன்று நாள் அடுக்கி வைப்பு, அப்புறம் கடைசி இழைப்பு. துணியை ராத்திரி பிரித்துப் போடுவதில்லையா, அது மாதிரிதான்.

வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்த பேக்கிங் பெட்டியைப் பிரித்து அந்தப் பைன் மரத்தில் ஷெல்ஃப் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் கோதுமைக்கதிர் படத்தோடு ஹெச்.டி. என்று முத்திரை இருக்கும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டை 30 நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பூச்சி சாவதற்காகச் செய்தது அது. மரம் காய்ந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி அல்ல. உள்ளே ஈரம் தாராளமாக இருக்கலாம். ஆணியும் இருக்கலாம், காந்தம் வைத்துத் தடவிப் பார்க்காமல் மிஷினில் விட்டால் பிளேடு பல்லுப் பல்லாகப் போய்விடும். வேப்பம்பலகைக்கு வேறு ஒரு குணம். நார் ஒன்றுக்கொன்று பின்னிக் கிடக்கும், எந்தப் பக்கம் விட்டாலும் அங்கங்கே பிய்த்துக்கொண்டு வரும். அதற்கு மட்டும் கூர்மையான பிளேடும் மெல்லிய சீவலும்தான் மருந்து. பிளேடு மாற்றுவது பலன் தருகிற இடம் இது.

திக்னசர் மட்டும்தான் இருக்கிறது, இன்னொரு மிஷின் வாங்க வசதியில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைப் பலகையைவிடச் சற்று நீளமாக அறுத்து, தட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் கோணல் பலகையை வைத்து, எங்கெல்லாம் இடைவெளி தெரிகிறதோ அங்கெல்லாம் சின்ன ஆப்பு செருகி, பசை வைத்து ஒட்டிவிடுங்கள். பலகை துளியும் ஆடக் கூடாது. நகராமல் இருக்க முன்னும் பின்னும் கனம் குறைந்த ரீப்பர் ஒன்று அடியுங்கள். தட்டோடு சேர்த்து மிஷினில் விட்டால், ரோலர் எவ்வளவு அமுக்கினாலும் பலகை வளைய முடியாது, ஆப்பு தாங்கிக்கொள்ளும். மேல்முகம் நேராக வந்துவிடும். அதற்கு மேல் தட்டு வேண்டாம். பலகையைத் திருப்பிப் போட்டு நேராக ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பலகையின் இரண்டு முனையிலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு லேசான பள்ளம் விழுவது இந்த மிஷினின் இயல்பு, பலகை ஒரே ரோலரின் பிடியில் இருக்கும் நேரத்தில் விழுவது. முனைகளைத் தாங்கிப் பிடித்தால் குறையும். கூடுதல் நீளம் விட்டு அறுத்திருந்தால் கவலையே இல்லை.

இல்லையென்றால் அந்த ஆசாரியையே கேளுங்கள். இழைப்புளியால் உயர்ந்த இரண்டு மூலைகளையும் சீவி, பலகை ஆடாமல் உட்காருகிற அளவுக்கு ஒரு முகத்தைக் கொண்டுவந்து தருவார். அந்த முகம் பளபளப்பாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, சொரசொரப்பாகக்கூட இருக்கட்டும். ஆடாமல் இருந்தால் போதும். மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும். கால் மணி நேரம், இருபது நிமிஷ வேலை.

அந்த இருபது நிமிஷத்தில்தான் என் கருத்து வேறுபாடே இருக்கிறது. அந்த மாணவரிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். "ஆசாரி ஒண்ணும் சொல்லலையா கண்ணு?" "சொன்னாருங்க சார். மொதல்ல ஒரு மூஞ்சிய இழைச்சுக் குடுக்கறேன், அப்புறம் மிஷின்ல உடுங்கன்னாரு. அதுக்கெல்லாம் நேரம் ஆகுமேன்னு நான்தான் வேண்டாம்னேன். கையில இழைக்கறதுக்கு எதுக்குங்க சார் மிஷின்?" வைத்தியத்தை ஆசாரி முதல் நாளே சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றது ஒருவர், காசு பிடிக்கப்பட்டது இன்னொருவரிடம்.

இது அந்த ஒரு பட்டறையின் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு, சத்தம் போடுகிற வேலைக்கு, கரண்ட் பில் வருகிற வேலைக்குத்தான் நாம் கணக்கு எழுதுகிறோம். மிஷினுக்கு முன்னால் நடக்கும் வேலை எந்த ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை. பலகையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்து ஒரு பார்வை பார்க்கிறாரே, அதற்கு ரேட் என்ன? மிஷின் வந்துவிட்டதால் கண் தேவையில்லை என்பது வியாபாரக் கணக்கிலேயே நஷ்டம். மூன்று செட் பிளேடு, இரண்டு மெக்கானிக் விசிட், வீணாய்ப் போன பலகைகள், இதையெல்லாம் கூட்டிப் பார், ஆசாரியின் இருபது நிமிஷங்கள் எத்தனை வாங்கியிருக்கலாம் என்று தெரியும். நீயே கூட்டு, நான் திருத்துகிறேன்.

நம் திருப்பூரில் பிறந்தவர்தான் தி.சு. அவினாசிலிங்கம். 1930-ல் கோவையில் ராமகிருஷ்ண வித்தியாலயத்தை ஆரம்பித்தவர், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். கைத்தொழிலோடு சேர்ந்த ஆதாரக் கல்விக்காக நின்றவர். 1978-ல் நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே வந்தது, அந்தப் பிரிவுதான் எனக்குச் சோறு போட்டது. அந்தப் பிரிவில் சேர்ந்த பிள்ளைகளை மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்று உறவுக்காரர்களே எத்தனை பேர் பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும். கையால் செய்கிறவனுக்கு மூளை வேண்டாம் என்று நினைக்கிற ஊரில், ஆசாரி சொன்ன பதில் முதலாளி காதில் ஏறாதது ஆச்சரியமில்லை. கோபத்தில் எழுதவில்லை, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் யோசனை இதுதான். டேபிள் செய்கிறவர்கள் கொட்டேஷனில் "முதல் முகம் இழைப்பு" என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள், அதற்கு ஒரு கூலி போடுங்கள். கம்பெனிக்காரர்களும் அந்த வரியைப் பார்த்தால் இது என்ன தண்டச் செலவு என்று அடிக்காதீர்கள். லே போடுகிற டேபிள் நடுவில் தொங்கினால் உங்கள் கட்டிங்தான் அடிபடும். பனியன் தொழிலில் சாம்பிளுக்குத் தனி ரேட் கொடுக்கிறோம், செக்கிங்குக்குத் தனிக் கூலி கொடுக்கிறோம். மரத்துக்கு மட்டும் ஏன் கசப்பு?

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் கண்டிப்பான வாத்தியாராகவே பேசுகிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக்கே சர்ஃபேஸ் பிளேனர் வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். அதில் பிளேடு திறந்தே இருக்கும், நிமிஷத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் சுற்றும். வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைக்கத் துண்டு மிஞ்சாது, சீவிவிடும். மேலே மூடியிருக்கும் கார்டை இடைஞ்சல் என்று கழற்றி வைக்காதீர்கள். ஒரு அடிக்குக் குறைந்த துண்டை அதில் விடவே கூடாது. கையுறை போடக் கூடாது, முழுக்கைச் சட்டை கூடாது. தள்ளுவதற்குக் கைப்பிடி வைத்த கட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள், விரல் எந்த நேரத்திலும் பிளேடுக்கு நேர் மேலே போகக் கூடாது. கட்டையைச் செய்ய அரை மணி நேரம் இல்லை என்பவர்கள் தயவுசெய்து மிஷின் வாங்காதீர்கள்.

மற்றபடி பலகை இன்னும் சரியாக வரவில்லை என்றால் எனக்கு எழுதலாம், போன் செய்யலாம். ஆனால் "மட்டமா வரல சார்" என்று ஒற்றை வரி அனுப்பினால் பதில் கிடையாது. ஐந்து இடத்துக் கனம், குச்சிச் சோதனையில் இடது ஓரம் எவ்வளவு, வலது ஓரம் எவ்வளவு, பலகை எந்த மரம், எத்தனை நாள் அடுக்கி வைத்தது, இவ்வளவையும் எழுதி, பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோவோடு அனுப்புங்கள். உங்கள் ஆசாரி என்ன சொன்னார் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நான் முதலில் படிக்கப் போவது அந்த வரியைத்தான்.